ஃபைட்டருக்கு நாலு குருணை

மாநகராட்சிப் பெண் மொட்டைமாடியில் எங்கள் டிரம்மைக் கவிழ்த்த காலையில்தான் இந்தக் கவலை ஆரம்பித்தது. அதற்கு முன்பும் எனக்குக் கவலைகள் உண்டு. ஆனால் அவை ஒழுங்காக வரிசையில் நின்றன. இது வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டது.

டிரம்மில் இருந்தது கொசுப்புழு. தெரியாமல் சேர்ந்ததல்ல, தெரிந்தே வளர்த்தது. என் மகளின் மீனுக்கு அதுதான் சாப்பாடு.

"இன்னா சார் இது?" என்றாள் அந்தப் பெண். கையில் டார்ச், தோளில் மருந்து டப்பா. டார்ச் வெளிச்சத்தில் புழுக்கள் கொத்துக்கொத்தாக நெளிந்தன.

"மீனுக்கும்மா."

"மீனுக்கா? இந்தத் தெருவுல மீன துன்றவங்களத்தான் பாத்துகிறேன். மீனுக்கு ஊட்டி வுடறவரு நீ ஒர்த்தர்தான். பாத்தா படிச்ச மன்சன் மாரி கீற. ஊரெல்லாம் ஜொரம், நீ கொசுவுக்குத் தொட்டில் கட்டி ஆட்டிக்கினு கீற."

சொல்லிக்கொண்டே டிரம்மைக் காலால் உதைத்துச் சாய்த்தாள். தண்ணீர் மொட்டைமாடித் தரையில் பரவியது. புழுக்கள் வெயிலில் சில நிமிடங்கள் துடித்து அடங்கின. கதவோரச் சுவரில் சாக்பீஸால் என்னவோ எழுதினாள். அடுத்த வாரமும் வருவேன், மறுபடி இருந்தால் மேலே சொல்லிவிடுவேன் என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கீழ்வீட்டு அம்மாளின் பேரக் குழந்தை போன மழைக்கு டெங்குவில் கிடந்து பிழைத்தது. அப்போதும் எங்கள் டிரம் மாடியில்தான் இருந்தது. இன்னொரு டிரம் வைப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்துவிட்டுக் கீழே வந்து மீனைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. காலைச் சாப்பாட்டு நேரம்.

மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது மகள் வாங்கி வந்த ஃபைட்டர் மீன் அது. நீல உடம்பு, சிவப்பு வால். இன்னொன்றைக் கூட விட்டால் ஒன்றையொன்று குதறிவிடும் என்பதால் ஒரே ஒரு மீன், வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் தனியாக இருக்கிறது. அவளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தோம். போகும்போது பீரோ, கட்டில், மிக்சி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினாள். மீனை மட்டும் விட்டுப் போனாள். "தண்ணி ஆடுனா அவன் பயந்துடுவான்ப்பா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மீன் என் மனைவியின் பொறுப்பு. சாலையைப் பார்த்த ஜன்னல் திட்டில் ஜாடி. காலையில் பத்துப் புழு, சாயங்காலம் பத்துப் புழு. டீ வடிகட்டியில் அள்ளி, ஜாடியில் தட்டுவாள். தட்டும்போது மீனோடு பேசுவாள். என்னிடம் ஒரு நாளில் பேசுவதைவிட அதனிடம் அதிகம் பேசுகிறாள் என்பது நான் எண்ணிப் பார்த்துச் சொல்வது.

இந்த வருஷம் மகள் கர்ப்பமானாள். பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டியது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறுகிறது, பயணம் கூடாது, எழுந்து நடக்கவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மனைவி போனாள். சம்பந்தி வீட்டில் நானும் போய் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று நான் இங்கேயே இருந்துகொண்டேன். கிளம்பும்போது அவள் சொன்னது: "காலைல பத்து, சாயங்காலம் பத்து. வேற எதுவும் பண்ணாதீங்க. சும்மா இருங்க."

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கப்பல் சார்பில் ஒருவர் எண்ணுவார், கரையில் நின்று நான் எண்ணுவேன். நாலு நேர்கோடு, அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு, அது ஐந்து. ஷிஃப்ட் முடிவில் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். பிறகு கன்டெய்னர் வந்தது, மூட்டை எண்ணுவது நின்றது, நானும் ஓய்வு பெற்றேன். எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. கோயிலில் பூசைக்கு உட்கார்ந்தால் மின்விசிறிகளை எண்ணுகிறேன். ஜன்னலில் நின்றால் லாரிகளை எண்ணுகிறேன்.

எங்கள் வீடு எண்ணூர் போகும் சாலைமேல் இருக்கிறது, முதல் மாடி. டிரெய்லர் லாரிகள் கன்டெய்னரைச் சுமந்துகொண்டு பகலெல்லாம் போகும், வரும். வாசலுக்கு நேரே, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடம் பள்ளமாக இறங்கியிருக்கிறது. சரக்கேற்றிய லாரியின் பின்சக்கரம் அதில் விழும்போது வீடு ஒரு முறை விக்கும். அலமாரியில் தட்டுகள் பேசிக்கொள்ளும். அந்தப் பள்ளத்தை மூடச் சொல்லி மூன்று மனு கொடுத்திருக்கிறேன். ஜாடி ஜன்னலில் இருந்தவரை, லாரி வரும் சத்தம் கேட்டால் எழுந்து போய் இரண்டு கையாலும் ஜாடியைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். மனைவி சிரிப்பாள்.

அவள் ரயிலேறிய அன்றே ஜாடியை உள்ளறைக்கு மாற்றினேன். சுவரோரமாக மேஜை, மேஜைமேல் மடித்த போர்வை, போர்வைமேல் ஜாடி. எந்த லாரி போனாலும் தண்ணீர் அசையாது. மீன் அங்கேயும் புழுவை நன்றாகத் தின்றது. என் ஏற்பாட்டைப் பற்றி எனக்குத் திருப்தியாக இருந்தது.

அப்போதுதான் டிரம் கவிழ்ந்தது.

டோல்கேட் பக்கம் மீன் தொட்டிக் கடை ஒன்று இருக்கிறது. போய்க் கேட்டேன். உயிர்ப்புழு மழைக்காலத்தில் வராது என்றார் கடைக்காரர். கட்டைவிரல் அளவு டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே கடுகைவிடச் சிறிய செம்பழுப்புக் குருணைகள்.

"இது காய்ஞ்ச தீனி நைனா. வேளைக்கு நாலு போடு. மேல போட்டா தண்ணி கெட்டுப் பூடும்."

"புழு தின்னு பழகினது. இதைத் தின்னுமா?"

"பசிச்சா துன்னும். வயித்துக்குத் தெரியாத சாப்பாடு இன்னா கீது?"

நாலு குருணையை எண்ணித் தண்ணீரில் போட்டேன். அவை மிதந்தன. மீன் மேலே வந்தது. ஒன்றை வாயில் எடுத்தது. எனக்கு மூச்சு சீரானது. மறு கணம் அதைத் துப்பியது. இன்னொன்றை எடுத்தது, துப்பியது. பிறகு திரும்பி எனக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் மேஜை முன்னால் உட்கார்ந்தேன் என்று தெரியாது. எழுந்து போனால் தின்றுவிடும், நான் பார்ப்பதால்தான் தின்ன மாட்டேன் என்கிறது என்று தோன்றியது. எழுந்து போய்ச் சமையலறையில் நின்றேன். நின்றால் இப்போது தின்கிறதோ என்று தோன்றியது. திரும்பி வந்தேன். ஊறிய குருணைகள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின. வடிகட்டியால் அவற்றை வெளியே எடுத்து எண்ணினேன். ஐந்து இருந்தன.

போட்டது நாலு. எடுத்தது ஐந்து. இரண்டாம் முறை எண்ணினேன், ஐந்துதான். துறைமுகத்தில் சரக்கு குறைந்தால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, குறைவு என்று எழுதிவிடலாம். கூடினால்தான் எங்களுக்கு நடுக்கம், ஏனென்றால் எங்கேயோ முழுக் கணக்கும் தப்பு என்று அர்த்தம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது விளங்கியது. மீன் துப்பியதில் ஒன்று ஊறி இரண்டாகப் பிளந்திருந்தது. அப்படியானால் ஒரு துணுக்குகூட வயிற்றுக்குள் போகவில்லை.

மனைவிக்கு போன் செய்து டிரம் போன கதையையும் மீன் தின்னாததையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு வர்ற அன்னிக்கு டிரம் மேல ஈரப் போர்வையக் காயப் போட்டுடுவேன் நான். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மீனு சாப்பிடலன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. இன்னிக்கும் பிரஷர் ஜாஸ்தி. சாயங்காலம் அந்த மீனப் பாக்கறதுக்குத்தான் கண்ண முழிச்சிக்கினு கெடக்குறா."

அதுதான் விஷயம். தினமும் சாயங்காலம் வீடியோவில் மகள் வருவாள். தலையணையில் சாய்ந்த முகம், வீங்கிய கன்னம். அரை நிமிஷம் என்னை விசாரிப்பாள். பிறகு, "மீனக் காட்டுங்கப்பா." நாள் முழுக்க அவள் பார்ப்பது விட்டத்தையும் மருந்துச் சீட்டையும்தான். இது ஒன்றுதான் மாறுதல். இந்த மீனுக்கு ஏதாவது ஆகி, அது அவள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்க ஆரம்பித்தால், அந்த நினைப்பு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். படித்தவன்தான், மீனுக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த நினைப்பை அங்கே போகவிடாமல் பாதியில் பிடித்து நிறுத்துவதிலேயே பகல் போனது.

முதல் சில சாயங்காலங்களில் மீனே என்னைக் காப்பாற்றியது. என் போனின் பின்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும். ஜாடியருகே கொண்டுபோனால் அதில் தெரியும் தன்னையே எதிரி என்று நினைத்து, செவுள் மூடியை விரித்துத் துடுப்பையெல்லாம் பரப்பிக்கொண்டு சண்டைக்கு நிற்கும். பட்டினி கிடக்கும் மீன் மாதிரியே தெரியாது.

"சூப்பரா இருக்கான்ப்பா. வெயிட் போட்டுட்டானா?"

"பார்த்துக்கறேம்மா" என்பேன். அது பொய் இல்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். போனை எடுத்ததும் மீன் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு அடியில் போய்ப் படுக்கும். வயிறு உள்வாங்கியிருந்தது.

கீழ்வீட்டு அம்மாள் காசிமேட்டில் கருவாடு விற்பவர். என் காலடிச் சத்தம் ஓயாமல் மேலே கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று ஒரு காலை மேலே வந்தார்.

"இன்னா சார், வூட்டுக்குள்ளயே மெரினா வாக்கிங்கா? என் தலமேல நடந்துகினே கீற."

விஷயத்தைச் சொன்னேன். ஜாடியைக் குனிந்து பார்த்தார்.

"காய்ஞ்ச தீனிதான? எங்கிட்ட இல்லாத காய்ஞ்ச தீனியா?" என்று கீழே போய், ஒரு கை சென்னாக்குனி கொண்டுவந்தார். காய்ந்த பொடி இறால். "மீனு மீன்வாசன இல்லாத எதையும் துன்னாது. உன் டப்பாவுல இன்னா கீது, மண்ணு மாரி."

உப்பு போகட்டும் என்று சென்னாக்குனியை நாலு தண்ணீரில் கழுவி, ஊறவைத்து, ஒன்றைக் கிள்ளி நாலு துண்டாக்கிப் போட்டேன். மீன் வாயில்கூட எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் தண்ணீர் மோர்போல் வெளுத்தது. ஜாடியை முழுக்கக் கழுவி, ஒரு நாள் பிடித்துவைத்த தண்ணீரை மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றும்போது மீனை வடிகட்டியில் எடுத்தேன். முன்பெல்லாம் துள்ளும். அன்று வடிகட்டியில் அப்படியே கிடந்தது. உள்ளங்கையில் வாடிய பூ வைத்திருப்பதுபோல் இருந்தது. அன்று சாயங்காலம் போனைக் கொண்டுபோனபோது செவுளைப் பாதிதான் விரித்தது.

"தூங்குறானா?" என்றாள் மகள்.

"வெளிச்சம் கம்மிம்மா."

மற்ற நாள்போல் மேற்கொண்டு கேட்காமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த காலை கரண்ட் இல்லை. உள்ளறையில் குருணையை எண்ணக்கூட வெளிச்சம் போதவில்லை. எண்ணாமல் போட எனக்கு மனம் வராது. அதனால் ஜாடியைத் தூக்கி வந்து பழைய ஜன்னல் திட்டில் வைத்தேன். எண்ணி முடித்ததும் உள்ளே கொண்டுபோய்விடலாம் என்றுதான். நாலு குருணை போட்டேன். மீன் அடியிலிருந்து கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது. சாலையில் சத்தம் கேட்டது. நாற்பது அடிப் பெட்டி, முழுச் சரக்கு. இன்ஜின் முனகுவதிலேயே தெரிந்துவிடும். வலது கையில் டப்பா, இடது கையில் அதன் மூடி. ஜாடியைப் பிடிக்கக் கை காலியில்லை.

பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. வீடு விக்கியது. ஜாடித் தண்ணீரின்மேல் வட்டவட்டமாகச் சுருக்கம் விழுந்தது. மிதந்த குருணை நாலும் நடுங்கின, புழு நெளிவதுபோல.

மீன் அம்புபோல் மேலே வந்து ஒன்றைக் கவ்வியது.

துப்பும் என்று காத்திருந்தேன். துப்பவில்லை. தாடை இரண்டு முறை அசைந்தது. மேலே மூன்று மிதந்தன. அடியில் தேடினேன், ஒன்றும் இல்லை. மூன்றும் ஒன்றும் நாலு. கணக்கு ஒத்துப்போனது.

அடுத்த லாரி காலி, வீட்டை அசைக்கவில்லை. மீனும் அசையவில்லை. அதற்கடுத்தது சரக்கோடு வந்தது, இன்னொரு குருணை போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்துக் கிடப்பதை இது தின்னாது, துடிப்பதைத்தான் தின்னும். மனைவி ஒன்றும் சொல்லாமல் ஜாடியை ஜன்னலில் வைத்திருந்தாள். நான்தான் அதன் சாப்பாட்டை உயிரில்லாத அறைக்குள் கொண்டுபோய், போர்வைமேல் வைத்துப் படுக்கப் போட்டிருந்தேன். தண்ணீர் ஆடினால் மீன் பயப்படும் என்பது நீண்ட பயணத்துக்குச் சரியாக இருக்கலாம். இந்தச் சாலையில் வளர்ந்த மீனுக்கு இல்லை.

அன்று முழுக்க நான் சாப்பிட மறந்துவிட்டேன். சாயங்காலம் வீடியோவில் மகள் வந்ததும் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்: "இன்னிக்கு அவன் சாப்பிடறதயே காட்டறேன்." நாலு குருணையைப் போட்டுவிட்டு, போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்தேன்.

சாலையைப் பார்த்தேன். லாரிகள் நின்றிருந்தன. துறைமுக வாசலில் என்ன நெரிசலோ, கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. ஒன்றும் நகரவில்லை.

"என்னப்பா, சும்மா பாத்துக்கினே இருக்கான்?"

"இரும்மா. லாரி வரணும்."

"எது?"

"லாரி."

மறுமுனையில் மனைவியின் குரல், சற்றுத் தள்ளி: "ஏங்க, இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். குருணை, பள்ளம், பின்சக்கரம். சொல்லச் சொல்ல எனக்கே என் பேச்சில் நம்பிக்கை குறைந்தது. குருணைகள் ஊற ஆரம்பித்திருந்தன. கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மகளின் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. "உண்மையைச் சொல்லுங்கப்பா. அவன் சாப்பிடறதே இல்லையா?"

கீழ்வீட்டு அம்மாள் சென்னாக்குனிக் கிண்ணத்தை வாங்கிப்போக வந்தவர் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் நடந்ததை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். பின்சக்கரம் பள்ளத்தை எட்டாமல் எங்கள் வாசலில் நின்ற சரக்கு டிரெய்லரின் கதவைத் தட்டினார்.

"யோவ், கொஞ்சம் முன்னாடி வுடுய்யா."

"எங்க வுடறது? முன்னாடி வண்டி நிக்கிறது தெர்ல?"

"ரெண்டடி கீது பாரு. அந்தப் பள்ளத்துல எறக்கு. மேல ஒரு மீனு பட்னி கீது."

டிரைவர் தலையை நீட்டி மேலே பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன நினைத்தாரோ, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இன்ஜின் உறுமியது. வண்டி ஊர்ந்தது, பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. தட்டுகள் பேசின. தண்ணீர் சுருங்கியது.

மீன் ஒன்றைக் கவ்வி விழுங்கியது.

போனில் மகள் சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல். "லாரியக் கூப்ட்டு ஊட்றீங்களாப்பா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"சிரிக்காதடி, வயிறு குலுங்குது" என்று மனைவி அதட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது. "அந்த ஜாடிய இனிமே அங்கருந்து எடுக்காதீங்க."

கீழ்வீட்டு அம்மாள் மூச்சிரைக்க மேலே வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். "அந்தப் பள்ளத்த மூடச் சொல்லி மனு குடுத்துகினே இருந்தியே சார். நாளைக்கு ஆளு வந்து தார் ஊத்துனா இன்னா செய்வ?"

அதை நான் யோசிக்கவில்லை. அவர் போன பிறகு அதைத்தான் யோசித்தேன். மூன்று மனு. மூன்றிலும் முதல் கையெழுத்து என்னுடையது.

போன் அணைந்துவிட்டது. மேலே மூன்று குருணை மிதந்துகொண்டிருந்தன. வரிசை நகர ஆரம்பித்தது. முதலில் வந்தது காலி லாரி, வீடு அசையவில்லை. அடுத்தது நாற்பது அடி, சரக்கோடு முனகிக்கொண்டு வந்தது. பழக்கத்தில் என் இரண்டு கையும் ஜாடியைப் பிடிக்கப் போய்விட்டன. கைகளை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.